புதுமீனும் புகலிடமும்

புதிய இடத்திற் புகும் உயிர் எதுவாயினும் அது முதற்கண் நாடுவது உணவன்று; ஒதுங்குமிடமே. சோலையிற் புகும் பறவை இலையின் மறைவை நாடுகின்றது. மனையிற் புகும் பூனைக்குட்டி கட்டிலின் அடியை நாடுகின்றது. கடல்நீர் நிறைத்த கண்ணாடித் தொட்டியில் விடப்படும் புதுமீனும் இவ்வாறே பாறையின் இடுக்கை நாடி மறைகின்றது. இஃது யாவரும் அறிந்ததே. எனினும், விலைகொடுத்து வாங்கிய மீனைக் காணப்பெறாத பலர், பொறுமையிழந்து, கண்ணாடியைத் தட்டியும், பாறையை அசைத்தும், விளக்கின் ஒளியை மிகுத்தும் அதனை வெளிப்படுத்த முயல்கின்றனர். சில நாட்களில் மீன் வெளிப்படுகின்றது; உயிரோடன்று, உடலாக. ஒளிந்திருக்க இடந்தருதலே மீனை வெளியே வரச்செய்யும் நெறி என்பதும், அவ்விடந்தர மனமில்லாதார் மீன் வளர்த்தற்கு உரியர் அல்லர் என்பதும் யாம் இக்கட்டுரையில் நிறுவக் கருதிய கொள்கைகளாம்.

இதனை இம்மலரில் எழுதப் புகுந்ததற்குக் காரணம் உண்டு. நம் கல்லூரியில் பவளப்பாறையின் தோற்றமுடைய உவர்நீர்த் தொட்டியொன்று அமைத்தல் வேண்டுமென மாணவ நண்பர் சிலர் இவ்வாண்டு பேசி வருகின்றனர். அஃது அழகிய எண்ணமே. ஆயினும், தொட்டியின் நீளம், விளக்கின் நிறம், செலவின் அளவு ஆகியவை பேசப்படுமளவுக்கு, அதனுள் வாழப்போகும் உயிரின் முதல் வாரம் பேசப்படவில்லை. தமிழ் பயில்வார்க்கு மீன்தொட்டியில் என்ன வேலை என்று வினவுவாரும் உளர். விருந்தோம்பலைப் பற்றிப் பேசத் தமிழ் பயில்வார்க்கு உரிமை இல்லையெனின் வேறு யார்க்கு உண்டு என்பதே எம் விடை.

விருந்து என்னும் சொல்லின் முதற்பொருள் புதுமை என்பதாம். புதியராய் வந்தாரை அச்சொல் குறித்தது பின்னரே. ஆகவே விருந்தோம்பலாவது, ஆராயின், புதுமையை ஓம்புதலே. இனி, வந்த மீனைக் 'கூச்சமுள்ள மீன்' என்று வழங்குகின்றோம். கூச்சம் என்பதனை நாணம் எனக் கொள்ளின் அது பொருந்தாது. மீனுக்கு நாணுதற்கு ஒன்றும் இல்லை. நம் முன்னோர் அச்சம், மடம், நாணம், பயிர்ப்பு என நான்கினைப் பிரித்துக் காட்டினர். அவற்றுட் பயிர்ப்பாவது பழகாத பொருளினின்று உள்ளம் ஒதுங்குதல். புதுமீனிடத்துக் காணப்படுவன அச்சமும் பயிர்ப்புமே. அச்சம் நீங்க வேண்டுவது காவல். பயிர்ப்பு நீங்க வேண்டுவது காலம். இவ்விரண்டினையும் தருதலே வளர்ப்பவன் கடமை.

கடல் உயிர்களைக் கண்ணாடியுள் வளர்க்கும் கலை மிகப் பழையதன்று. இலண்டன் விலங்குக்காட்சிச் சாலையில் 1853-ஆம் ஆண்டில் மீன்மனையொன்று திறக்கப்பட்டது. பிலிப் ஹென்றி காஸ் என்னும் இயற்கைநூலார் 1854-இல் வெளியிட்ட நூலால் 'அக்குவேரியம்' என்ற பெயர் நாடெங்கும் பரவிற்று. நம் சென்னைக் கடற்கரையிலும் 1909-இல் ஒரு கடல்மீன் காட்சிச்சாலை திறக்கப்பட்டு, இரண்டாம் உலகப்போரின் காலத்தில் மூடப்பட்டது. இந்தோனேசிய நாட்டினரான லீ சின் எங் என்பார், நுண்ணுயிர்கள் படிந்த கடற்பாறைகளைத் தொட்டியில் அடுக்கி, காற்றுக் குமிழிகளால் நீரை அசைத்து, பவளங்களையும் மீன்களையும் ஒருங்கே வாழச்செய்த முறையை 1961-இல் எழுதி வெளிப்படுத்தினார். அவர் கண்ட முறையில் பாறை நீரைத் தூய்மை செய்யும் கருவியாயிற்று. அப்பாறையே மீனுக்கு வீடுமாயிற்று என்பதனை நாம் மறத்தலாகாது.

பொதுவாகப் பேசுதலினும் ஒரு மீனை எடுத்துக்கொண்டு பேசுதல் தெளிவு தரும். ஆங்கிலத்தில் 'ஃபயர்ஃபிஷ்' எனவும், நூலோரால் 'நெமட்டிலியோட்ரிஸ் மேக்னிஃபிக்கா' எனவும் வழங்கப்படும் சிறு மீனை யாம் தழல்மீன் எனக் குறிப்பாம். இதனை 1938-இல் ஃபௌலர் என்னும் அறிஞர் நூல்வழக்கிற்குக் கொணர்ந்தார். நீளம் 9 சென்டிமீட்டரை மிகாது. முன்னுடல் வெண்மையாய், பின்னுடல் வரவரச் செம்மையுற்றுத் தழல்போல் முடியும். முதுகின் முன்பகுதியில் நெடிய முள்ளொன்று கொடிபோல் நிமிர்ந்து நிற்க, அதனை அது அடிக்கடி அசைத்துக்கொண்டிருக்கும். இந்தியப் பெருங்கடலிலும் பசிபிக் பெருங்கடலிலும் பவளப்பாறையின் வெளிச்சரிவில், மணலும் கல்லும் கலந்த தரைக்குச் சற்று மேலே, நீரோட்டத்தை எதிர்நோக்கி மிதந்தவண்ணம், ஓட்டத்தில் வரும் நுண்ணுயிர்களை ஒவ்வொன்றாகக் கௌவி உண்பது இதன் இயல்பு.

இம்மீனின் வாழ்க்கையெல்லாம் ஓர் அளையைச் சுற்றியதே. அளை என்பது நண்டு முதலியவை வதியும் வளைக்கு நம் பழந்தமிழ் தந்த பெயர். தழல்மீன் தன் அளையை விட்டு நெடுந்தூரம் செல்வதில்லை. நிழலொன்று மேலே கடந்தாலும் இமைப்பொழுதில் அளையுள் பாய்ந்து மறையும்; சிறிது நேரங்கழித்துத் தலையை நீட்டிப் பார்க்கும்; பின் பாதியுடல் வெளிவரும்; பின் மிதக்கும். அஃது அஞ்சும் மீன் என்று நாம் இகழ்தல் தகாது. திறந்த நீரில் தனியே மிதந்து உணவு தேடும் துணிவு அதற்குளது; அத்துணிவு அளை அருகே உண்டென்னும் உறுதியினின்று பிறந்தது. அளையை நீக்கின் துணிவும் நீங்கும்.

இத்தகைய மீன் நம் தொட்டிக்கு வந்து சேரும் வழியை எண்ணிப் பார்த்தல் வேண்டும். நன்னீர் அழகுமீன்களுள் மிகப் பல பண்ணைகளிற் பிறந்தவை. கடல் அழகுமீன்களுள் பெரும்பான்மையோ கடலிலேயே பிடிக்கப்பட்டவை. வலைஞர் கையினின்று வணிகர் கைக்கும், அவரிடமிருந்து வானூர்தி வழியாக வேற்று நாட்டிற்கும், அங்கிருந்து கடைக்கும், கடையினின்று வீட்டிற்கும் அவை மாறுகின்றன. பிலிப்பைன்ஸ் தீவுகளில் 1960-களிலிருந்து பவள இடுக்குகளில் சயனைடு என்னும் நஞ்சைத் தெளித்து மீனை மயக்கிப் பிடிக்கும் கொடுவழக்கமும் எழுந்தது. அந்நஞ்சு மீனின் உள்ளுறுப்புகளுக்கும், அது வாழ்ந்த பவளத்திற்கும் ஒருங்கே கேடு செய்வது. இத்துணை கைம்மாறி வந்த உயிர், பையின் வாய் அவிழ்ந்தவுடன் நமக்கு முன் உலாவிக் காட்டவேண்டுமென எதிர்பார்ப்பது எவ்வகை நீதி?

அச்சம் உள்ளத்தளவில் நிற்பதன்று, உடலையும் தாக்குவது. கடல்மீனின் குருதியிலுள்ள உப்பு, கடல்நீரின் உப்பில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே. ஆதலின் அதன் உடலிலுள்ள நீர் இடைவிடாது வெளியே கசிந்துகொண்டேயிருக்கும். நீர் நடுவே வாழினும் கடல்மீன் நீர்வேட்கையுடையது. கடல்நீரைக் குடித்து, மிகுந்த உப்பைச் செவுள்களின் வழியே வெளியேற்றி உயிர் தாங்குகின்றது. இவ்வேலை ஓய்வின்றி நடைபெறல் வேண்டும். துரத்தப்பட்டும் கையாளப்பட்டும் கலங்கிய மீனின் உடலில் இச்சமன் குலைகின்றது. நோயை எதிர்க்கும் ஆற்றல் தளர்கின்றது. மேனியைப் போர்த்திய வழுவழுப்பான காப்புப்படலம் வலையில் உராய்ந்து சிதைகின்றது. ஆகவே மறைவிடம் அதற்கு இன்பப்பொருள் அன்று, மருந்து.

இன்னும் ஒன்று. மீனுக்கு இமையில்லை. இமையாக் கண்ணுக்கு மீனை உவமை கூறுதல் நம் நாட்டுப் புலவர் மரபு. அவ்வுவமையின் மறுபுறத்தை நாம் எண்ணியதில்லை. இமையில்லாத கண் கூசும் ஒளியை மூடி விலக்கவியலாது. அவ்வொளியினின்று தப்ப உடல் முழுவதுமே நிழலுக்குச் செல்லவேண்டும். பவளம் வளர்தற்பொருட்டு நாம் அமைக்கும் விளக்குகளோ மிக்க ஒளியுடையன. இருண்ட பெட்டியிற் பல மணி நேரம் கிடந்த மீனை அவ்வொளியின் கீழ் விடுதல் கொடுமை. அன்றியும், மீனின் உடலிருபுறமும் நீரின் அதிர்வை உணரும் நரம்புக்கோடு உண்டு. விரலால் நாம் மெல்லத் தட்டுவதாகக் கருதும் ஓசை அதன் உடலெங்கும் அதிர்ச்சியாகச் சென்று பாய்கின்றது.

இனிச் செயற்குரியவற்றைக் கூறுவாம். விருந்தினர் வந்தபின் வீட்டைக் கூட்டுதல் அறிவுடைமையன்று. தொட்டியில் கழிவை மாற்றும் நுண்ணுயிர்கள் பெருகி நிலைபெறச் சில வாரங்கள் வேண்டும். அதற்குமுன் மீனை விடுதல் கூடாது. உப்பின் அளவு ஆயிரத்திற்கு 35 பங்காகவும், வெப்பம் 25 அல்லது 26 பாகை செல்சியசாகவும் நிலைத்திருத்தல் நன்று. பாறைகளைச் சுவர்போல் நெருக்கி அடுக்காமல், இடையிடையே பொந்துகளும், இருவாயிலுடைய புழைகளும் அமையுமாறு அடுக்குதல் வேண்டும். இருவாயில் வேண்டுமென்றதன் காரணம், ஒரே வாயிலுடைய பொந்து பகைவன் வாயிலில் நின்றவிடத்துச் சிறையாய்விடும் என்பதாம். தழல்மீன் போன்றவற்றுக்கு அடித்தரையை ஒட்டிய சிறுபொந்துகள் இன்றியமையாதன. இவை மீனின் தொகையினும் மிகுதியாக இருத்தல் வேண்டும்.

புதுமீனை நேரே பெருந்தொட்டியில் விடாது, நான்கு முதல் ஆறு வாரம் தனித்தொட்டியில் வைத்தல் அறிந்தோர் முறை. வெண்புள்ளி நோயை உண்டாக்கும் 'கிரிப்டோகாரியான்' என்னும் நுண்ணுயிர் சின்னாள் மீனின் உடலிற் பற்றியிருந்து, பின் உதிர்ந்து தரையிற் கூடுகட்டிப் பெருகி, மீண்டும் மீனை நாடி வருவது. ஆதலால் ஒருநாட் பார்வையில் நலமாகத் தோன்றும் மீன் நோயற்றதென்று துணிதல் இயலாது. இத்தனிவாசம் பலர் கையிற் சிறைவாசம் ஆகின்றது. வெறுங்கண்ணாடிச் சுவர் நான்கும் விளக்கொன்றும் அன்றி வேறொன்றும் வையார். குழாய்வேலை செய்வோரிடம் கிடைக்கும் பிவிசி குழாய்த் துண்டுகள் இரண்டு மூன்றினைத் தரையிற் கிடத்தினால் அதுவே அளையாகும். தொட்டியின் மூன்று புறமும் கருந்தாள் ஒட்டினால் அதுவே நிழலாகும். செலவு சில ரூபாய்; காக்கப்படுவது ஓர் உயிர்.

மீன் வந்த பையைத் திறத்தலிலும் அறிவு வேண்டும். நெடும்பயணத்தில் மீனின் மூச்சால் பையின் நீரில் கரியமிலவாயு மிகுந்து நீர் புளிப்புத்தன்மை அடைகின்றது. அதனாற் கழிவாகிய அம்மோனியா நஞ்சு குறைந்த வடிவில் அடங்கியிருக்கின்றது. பையைத் திறந்தவுடன் அவ்வாயு வெளியேற, நீரின் தன்மை மாறி, அடங்கியிருந்த அம்மோனியா கொடுநஞ்சாக எழுகின்றது. ஆதலின் நீண்டதூரம் வந்த பையைத் திறந்து வைத்து மணிக்கணக்காகச் சொட்டுச்சொட்டாய் நீர் கலப்பது, அன்பினாற் செய்யப்படினும் தீங்கேயாம். திறவாத பையை நீரில் மிதக்கவிட்டு வெப்பத்தைச் சமன்செய்து, தனித்தொட்டியின் உப்பளவைப் பையின் உப்பளவோடு முன்னரே ஒப்பச்செய்து, விரைந்து மாற்றுதலே நன்று. கடைகளில் உப்பைக் குறைத்து வைக்கும் வழக்கம் உண்டு. அங்ஙனம் வந்த மீனின் நீரில் உப்பைப் பின்னர்ச் சில நாட்களில் சிறிது சிறிதாக உயர்த்தலாம். மாற்றுங்கால் வலையினும் சிறு கிண்ணம் சிறந்தது; பைநீரைத் தொட்டியிற் சேர்த்தலாகாது.

பெருந்தொட்டியில் விடும் நாளன்று விளக்கை அணைத்தல் வேண்டும். மாலைப்பொழுதே அதற்கு ஏற்றது. இரவு முழுவதும் இருளில் இடத்தை அறிந்துகொண்ட மீனுக்கு விடியல் சற்றே பழகிய உலகமாக வரும். தொட்டியின் வாயை நுண்கண் வலையால் மூடுதல் ஒருநாளும் மறத்தலாகாது. தழல்மீன் அஞ்சினால் அளையை நோக்கிப் பாயும். அளை காணாவிடின் மேல்நோக்கிப் பாயும். தரையில் உலர்ந்து கிடக்கும் மீனைக் கண்டு, அது தானே குதித்து மாண்டது என்பார் பலர். அது குதித்தது மெய். குதிக்கச் செய்தது எது என்பதன்றோ வினா?

பழைய குடிகளைப் பற்றியும் சிந்தித்தல் வேண்டும். டாம்சல் எனப்படும் சிறு நீலமீன்கள் தோற்றத்தில் இனியன, செயலிற் கொடியன. தம் பாறையென ஒன்றை வரைந்துகொண்டு, அவ்வெல்லையிற் புகுவாரைத் தம்மினும் பெரியராயினும் துரத்துவன. இவற்றை முதலில் விட்டுத் தழல்மீனைப் பின்னர் விடுதல், அடங்காதார் நடுவே அடங்கியவனைக் குடியேற்றுதல் போல்வது. அஞ்சுவனவற்றை முதலிலும், அஞ்சாதனவற்றை இறுதியிலும் விடுதலே முறை. முன்பே பழங்குடிகள் உளவாயின், துளைகளுடைய தெளிந்த பெட்டியொன்றைத் தொட்டியுள் நிறுத்தி, அதனுட் குழாய்த்துண்டும் வைத்துப் புதுமீனைச் சில நாள் அதிற் காத்தல் நலம். பழைய மீன்கள் அதனைக் காணும், கடித்தல் இயலாது. சின்னாளில் புதுமை தேய்ந்து பகையும் தேயும். திறந்துவிடும் பொழுதுக்குச் சற்றுமுன் பழங்குடிகளுக்கு வயிறார உணவளித்தலும் சூழ்ச்சியே. இவ்வளவு செய்தும் துரத்தல் ஓயாதாயின், எடுக்கவேண்டியது துரத்தும் மீனையேயன்றித் துரத்தப்படுவதை அன்று.

உணவைக் குறித்து ஒரு சொல். முதல்நாள் உண்ணாமை பற்றிக் கலங்க வேண்டுவதில்லை. பின்னர், ஆர்ட்டீமியா, மைசிஸ் முதலிய சிற்றிறால் வகைகளை நாளைக்கு இருமுறை மும்முறை சிறிது சிறிதாகத் தருதல் வேண்டும். தழல்மீன் தரையிற் கிடப்பதைப் பொறுக்கி உண்பதன்று. ஓட்டத்தில் வருவதைக் கௌவுவது. ஆதலின் உறிஞ்சுகுழாயால் நீரோட்டத்தின் மேற்புறத்தில் உணவை விட்டு, அஃது அளையின் வாயிலைக் கடந்து செல்லுமாறு செய்தல் வேண்டும். உணவு வாயிலுக்கு வரின், உண்பவன் சிறிதே வெளிவருவான். நாளை இன்னும் சிறிது வருவான். எஞ்சியதை அகற்றிவிடல் வேண்டும். அழுகும் உணவு நீரை நஞ்சாக்கும்.

நிற்க, எம் கொள்கைக்கு மாறாகக் கூறப்படுவன மூன்று. அவற்றை ஆராய்வாம். முதலாவது, 'காண்பதற்கன்றோ மீன் வாங்கினோம்? ஒளிந்திருக்கும் மீனால் என்ன பயன்?' என்பது. காணவேண்டும் என்னும் விருப்பத்தை யாம் பழிக்கவில்லை. ஆனால், அவ்விருப்பம் நிறைவேறும் வழி எது? மறைவிடம் மிகுந்த தொட்டியில் மீன்கள் மிகுதியாக வெளியே உலாவுகின்றன. மறைவிடம் குறைந்த தொட்டியில் உள்ள ஓரிடத்திலேயே ஒடுங்கிக் கிடக்கின்றன. மீன் வளர்ப்போர் பலர் கண்டறிந்த உண்மை இது. ஓடி ஒளிய இடமுண்டு என்று தேறிய உயிரே வாயிலைக் கடந்து நிற்கும். அமைதியாக உலாவும் மீன்கள் முன்னரே உளவாயின், அவற்றைக் கண்டு புதியதும் அச்சந்தெளியும். எனவே மறைவிடத்தை மறுப்பவர் காட்சியையும் இழக்கின்றனர்.

இரண்டாவது, 'ஒளிந்தே கிடப்பின் பட்டினியால் மாளுமன்றோ? நோயுற்றிருப்பின் அறிவது எங்ஙனம்?' என்பது. இது நல்ல வினா; இதனை யாம் புறக்கணிக்கவில்லை. விட்டுவைத்தல் வேறு; கைவிடுதல் வேறு. சற்றே எட்டி நின்று, அசையாமல், நாள்தோறும் பார்த்தல் வேண்டும். பொந்தினின்று தலை நீட்டுதல், கண்ணைச் சுழற்றிப் பார்த்தல், வரும் உணவை நோக்குதல் ஆகியவை நலத்தின் குறிகள். செவுள் விரைந்து அடித்தல், மேனியில் வெண்புள்ளி தோன்றுதல், பக்கவாட்டில் சாய்ந்து கிடத்தல், துடுப்பு கிழிதல், பல நாள் உணவை நோக்காமை ஆகியவை நோயின் அல்லது துன்பத்தின் குறிகள். பின்னவை தோன்றின் தலையிடுதல் கடமை. முன்னவை தோன்றுங்கால் தலையிடாமையே கடமை. இவ்வேறுபாட்டை அறிதற்கே கண்கள் நமக்கு உள்ளன.

மூன்றாவது, 'கடலில் இதற்கு யார் பெட்டி வைத்துக் காத்தனர்? வலியது வாழ்தலும் மெலியது மாய்தலும் இயற்கை' என்பது. இவ்வுரை கேட்டற்கு வன்மையுடையதாகத் தோன்றினும் ஆராயின் நில்லாது. கடலில் துரத்தப்பட்ட மீன் ஓடிவிடும். எல்லை கடந்தவுடன் துரத்துவது திரும்பிவிடும். அவ்வளவில் பகை முடியும். தொட்டியிலோ ஓடுதற்கு இடமில்லை. தோற்றவன் தோற்ற இடத்திலேயே வென்றவன் கண்முன் வாழவேண்டும். துரத்துவதற்கு முடிவில்லை. மதில்களை எழுப்பியவர் நாம். தப்பியோடும் வழியை மூடிவிட்டு, மாய்ந்ததை இயற்கையின்மேல் ஏற்றுதல் நேர்மையன்று. கடல் தந்திருந்த தொலைவுக்கு ஈடாக நாம் தரக்கூடியது மறைவொன்றே.

இவ்வளவும் செய்யினும் சில மீன்களை வாங்காதிருத்தலே அவற்றுக்குச் செய்யும் பேருதவி. மாண்டரின் எனப்படும் வண்ணமீன் கண்ணைக் கவர்வது. ஆயின் பாறைமேல் ஊரும் கோப்பிபாடு என்னும் நுண்ணுயிர்களையே பெரிதும் உண்டு வாழ்வது. அவை பெருகி நிலைபெறாத இளந்தொட்டியில் அது மெல்ல மெல்ல மெலிந்து இறக்கும். அதன் அமைதியைக் கூச்சமென்று கருதிக் காத்திருப்பவர், உண்மையில் பட்டினியைப் பார்த்துக்கொண்டிருக்கின்றார். பொறுமை எங்கும் மருந்தாகாது என்பதற்கு இதுவே சான்று.

நம் நாட்டிற்கு உரிய செய்தியும் ஒன்றுண்டு. தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்திற்கும் இடையே மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளைச் சூழ்ந்து பவளப்பாறைகள் அமைந்துள்ளன. 1986-இல் அப்பகுதி கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. பாறை கட்டும் பவளங்களும் கடற்குதிரைகளும் 2001-ஆம் ஆண்டு முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தாற் காக்கப்படுகின்றன. ஆகவே கல்லூரித் தொட்டிக்கென அங்கிருந்து ஒரு பவளத்துண்டையேனும் பெயர்த்தல் குற்றமாம். செயற்கைக் கல்லால் பாறையமைத்தல் நமக்குப் போதும். மீன் புழையைத்தான் தேடும், கல்லின் குலத்தை ஆராயாது. 1947-இல் தொடங்கப்பெற்ற மத்தியக் கடல்மீன் ஆராய்ச்சி நிலையம் கோமாளிமீன் போன்றவற்றைத் தொட்டியிலேயே இனம்பெருக்கும் முறைகளைக் கண்டுள்ளது. தொட்டியிற் பிறந்த மீனுக்குக் கண்ணாடி அயலிடமன்று. அதன் அச்சமும் குறைவு. அதனை வாங்குவதாற் கடலில் ஒன்று குறைவதுமில்லை. தொடங்குவார் அதனைக் கொண்டே தொடங்குதல் சாலவும் நன்று. தழல்மீன் போன்ற அஞ்சும் மீனை, ஓராண்டுப் பழக்கம் பெற்றபின், மேற்கூறிய ஏற்பாடெல்லாம் அமைந்துளவாயின் எண்ணலாம்.

இக்கட்டுரையைப் படிப்பார் சிலர், ஜூன் திங்களிற் கல்லூரி விடுதியிற் புகும் புதுமாணவர்க்கு யாம் மீனை உவமையாக்கினோம் என்று கருதக்கூடும். பொருந்துமாயின் அவ்வாறும் கொள்க, யாம் தடுக்கவில்லை. ஆயினும் யாம் கூறவந்தது மீனைப் பற்றியே. மனிதர்க்கு உவமையாக வருங்கால் மட்டுமே பிறவுயிர்களை எண்ணுதல் நமக்குப் பழகிப்போயிற்று. 9 சென்டிமீட்டர் நீளமுள்ள ஒரு மீனின் அச்சம் அம்மீனுக்கு முழுமையான அச்சமே. அதற்கு வேறொன்றன் பொருளாக நின்று மதிப்புப் பெறவேண்டிய தேவையில்லை.

முடிவாக, தொட்டி அமைக்க விரும்பும் நண்பர்களுக்கு எம் வேண்டுகோள் இது. அமைப்பதாயின், மீனுக்கென ஒதுக்கும் பணத்திற்கு முன் தனித்தொட்டிக்கும் மூடுவலைக்கும் பணம் ஒதுக்குக. விடுமுறை நாட்களில் உணவளித்துப் பார்ப்பவர் இன்னார் என்பதை எழுத்தில் வரைக. கண்ணாடியைத் தட்டலாகாது என்பதைப் பலகையில் எழுதி மாட்டுவதோடு நில்லாது, முதல் இரண்டு வாரம் பார்வையாளரை நிறுத்தி வைக்க. இவற்றுக்கு இசைவு இல்லையாயின் தொட்டியே வேண்டா. நூலகத்திலுள்ள படங்கள் போதும். இசைவு உண்டாயின், நண்பர்காள், முதலில் அளையை அமையுங்கள், நீரைத் தேற்றுங்கள், பின்னரே மீனை அழையுங்கள். அழைத்தபின் விளக்கை அணைத்து, சற்றே விலகி நில்லுங்கள். வருவதற்குரிய நாளை அதுவே குறித்துக்கொள்ளும்.